கண்ணாடி துடைக்கிற பையன் கையில் ஆசிட் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், இத்தனை வருஷம் உங்கள் நோட்டில் நான் திருத்தினேன் அல்லவா.

போன ஞாயிற்றுக்கிழமை 2004 செட் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அந்த செட்டில் இருக்கிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் கமெண்டில் எழுதாதீர்கள். கோயமுத்தூரில் கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி, முகப்புக் கண்ணாடி கழுவிக் கொடுக்கிற தொழில் செய்கிறான். நாலு பையன்கள், ஒரு பழைய ஆம்னி வேன், கயிறு, பக்கெட், வைப்பர். அவ்வளவுதான் முதல்.

கூடவே ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பத்தொன்பது வயசு இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். "என்ன சாமி, சினிமாவுல நடிக்கறயா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கழட்டிக் காட்டினான். வலது கண் முழுக்கச் சிவப்பு, இமை தடித்துப் போயிருந்தது. மூன்றாவது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடிக்கு ஆசிட் அடித்திருக்கிறான். காற்று திரும்பி வீசியிருக்கிறது.

பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளையின் அம்மா எந்தச் சாமிக்கு வேண்டியிருந்தாளோ.

கண்ணாடி கழுவ ஆசிட் எதற்கு என்று கேட்டேன். "கறை போகலைங்க டீச்சர்" என்றான் நம்ம ஆள். கழுவிய பிறகு கண்ணாடி காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது. கட்டடத்து மேனேஜர் பில்லை நிறுத்திவிட்டார். உன் ஆட்களுக்குத் துடைக்கவே தெரியவில்லை என்று திட்டியிருக்கிறார். யாரோ யோசனை சொல்ல, கடன் வாங்கி 58,000 ரூபாய்க்குத் தண்ணீர் சாஃப்ட்னர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். அப்படியும் திட்டு போகவில்லை. கடைசியில் மேனேஜரே, "ஆசிட் போட்டு எடுத்துக் குடு, அப்பத்தான் பில்லு" என்று சொல்லியிருக்கிறார்.

சரி, கழுவ எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். அந்தக் கட்டடத்துக் குழாய்த் தண்ணீர்தானாம். போர்வெல் தண்ணீர். அவர்கள் குழாய், அவர்கள் தண்ணீர், அதிலிருக்கிற சுண்ணாம்பு அவர்கள் கண்ணாடியிலேயே ஒட்டுகிறது. கூலி மட்டும் இவனுக்குப் பிடித்தமா? நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு நல்ல தண்ணிக் குழாய் ஒன்று, உப்புத் தண்ணிக் குழாய் ஒன்று. சிறுவாணித் தண்ணீர் மழையாக மலையில் விழுந்து, பாறை மேல் ஓடி, சீக்கிரமே அணைக்கு வந்துவிடுகிறது. கரைத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடையாது. ஆயிரம் அடி போர்வெல்லில் வருகிற தண்ணீரோ எத்தனை வருஷமாகப் பாறைக்குள் கிடந்ததோ, கால்சியம், மெக்னீசியம், சல்பேட், குளோரைடு, சிலிக்கா என்று எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்தக் கட்டடத்துத் தண்ணீரை மீட்டரில் பார்த்தால் டி.டி.எஸ். 1,200 காட்டியதாம். கரைந்திருக்கிற மொத்த உப்பின் அளவுதான் அது. 1,200 என்றால் லிட்டருக்கு 1.2 கிராம். ஒரு நாளைக்கு 300 லிட்டர் செலவழித்தால் 360 கிராம். முக்கால்வாசி வழிந்து கீழே போய்விடும், சரி. வழியாமல் கண்ணாடியிலேயே நின்று காய்கிற ஒவ்வொரு துளியும் தன் பங்கு உப்பை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஆவியாகும். இதில் துடைக்கத் தெரியாதது எங்கே வந்தது? குடிக்கிற தண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயமே 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது. அதாவது இந்தக் கட்டடத்துத் தண்ணீரை, வேறு வழியில்லை என்றால், குடிக்கக்கூடச் செய்யலாம். ஆனால் அதில் கண்ணாடி கழுவினால் கறைதான்.

இப்போது சாஃப்ட்னர் விஷயம். என் கோபத்தில் பாதி இங்கே.

விற்க வந்தவர் இரண்டு பாட்டிலில் சோப்பு போட்டுக் குலுக்கிக் காட்டியிருக்கிறார். போர் தண்ணீரில் நுரை வரவில்லை. மெஷின் தண்ணீரில் பொங்கிக்கொண்டு வந்தது. நம்ம ஆளுக்கு உடனே எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடமாகச் சொன்னான்: "சோப்புடன் எளிதில் நுரை தராத நீர் கடின நீர். தற்காலிகக் கடினத்தன்மை காய்ச்சினால் நீங்கும்..." இருபது வருஷத்துக்கு அப்புறமும் ஒரு வார்த்தை பிசகவில்லை. ஐந்து மார்க் கேள்வி அது. நான்தான் அவனுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. எனக்குக் கெமிஸ்ட்ரி டிகிரி எல்லாம் கிடையாது, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு தடவையாவது ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவைத்து உங்களுக்குக் காட்டியிருக்கிறேனா? இல்லை. போர்டில் எழுதிப்போட்டேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

அன்றைக்கு விட்டதை இன்றைக்குச் சொல்கிறேன். சோப்பு நுரை வந்தால் கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். உப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம். கணக்குப் போடுங்கள்: 40 கிராம் கால்சியம் போகும், 46 கிராம் சோடியம் உள்ளே வரும். மொத்த உப்பு குறையாது, துளி கூடத்தான் செய்யும். வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் சாஃப்ட்னர் நல்லது, அதைக் குறை சொல்லவில்லை. கண்ணாடியைக் கழுவிவிட்டு அப்படியே காயவிடுகிற தொழிலுக்கு அது மட்டும் போதாது. விற்றவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியாது என்றால் அவர் அதை விற்கக் கூடாது. தெரிந்தே விற்றிருந்தால் அதற்குப் பேர் வேறு.

அவன் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். "ரெசின் பிளான்ட்டு டீச்சர், வெளிநாட்டுல கண்ணாடி கழுவறவங்க எல்லாம் ரெசின்தான் போடறாங்கனு சொன்னாருங்க." ரெசினில் இரண்டு விதம் இருக்கிறது. சாஃப்ட்னரில் இருப்பது சோடியத்தை விடுகிற ரெசின். வெளிநாட்டில் கண்ணாடி கழுவுகிறவர்கள் போடுவது கலப்பு ரெசின். அதில் ஒரு பாதி உப்பின் நேர் அயனியைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும், மறுபாதி எதிர் அயனியைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். இரண்டும் சேர்ந்தால் என்ன? தண்ணீர்! மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரே வார்த்தையை வைத்து 58,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

நம் குடும்ப குரூப்பிலும் இப்படித்தான். போன மாதம் இரண்டு கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு கரண்ட் கொடுத்து, தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறுகிற வீடியோவை யார் யார் ஃபார்வர்டு செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நிறம் அந்த இரும்புக் கம்பி கரைவதால் வருவது. உப்பு இருக்கிற தண்ணீரில் கரண்ட் ஓடும், கம்பி கரையும். உப்பில்லாத தண்ணீரில் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கும். அழுக்கைக் காட்டும் மந்திரம் ஒன்றும் இல்லை. குழாயில் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காந்தம் வைத்தால் உப்பு எங்கே போகும்?

திங்கட்கிழமை நானே செய்து பார்த்தேன். ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழுவித் துடைத்து மாடி வெயிலில் வைத்து, ஐந்து இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். எங்கள் போர் தண்ணீர், அவன் பாட்டிலில் கொண்டுவந்திருந்த சாஃப்ட்னர் தண்ணீர், சிறுவாணி, வீட்டு ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி. பைப்பில் சொட்டுகிற தண்ணீர். பேத்தி காவல். காக்காய் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது, அது வேறு கதை. காய்ந்த பிறகு பார்த்தால் போர் தண்ணீர் வெள்ளையாக, தடவினால் சொரசொரப்பாக, ஈரத்துணிக்கும் மசியவில்லை. சாஃப்ட்னர் தண்ணீரும் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் ஈரத்துணி பட்டவுடன் போய்விட்டது. சோடியம் உப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும். அந்த அளவுக்கு அந்த மெஷினுக்கு நியாயம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்றாவது மாடியில் காய்ந்த திட்டை யார் போய் மறுபடி ஈரத்துணியால் துடைப்பது? அதுவும் அதே தண்ணீரில் நனைத்த துணியால்? சிறுவாணி லேசாக ஒரு வளையம் விட்டது. ஆர்.ஓ. தண்ணீர் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. ஏ.சி. தண்ணீர் விட்ட இடத்தைப் பேத்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி ஆசிட். பாத்ரூம் கழுவ வாங்குகிறோமே, அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். சுண்ணாம்புக் கறை மேல் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும், உண்மை. ஆனால் சல்பேட்டும் சிலிக்காவும் அதற்கு அசையாது. ரொம்ப நாள் விட்ட கறையில் கண்ணாடியின் மேல்பரப்பே அரித்துப்போயிருக்கும், அதற்கு எந்த ஆசிட்டும் மருந்து இல்லை. நடுவில் அலுமினியச் சட்டம் அரிக்கும், கண்ணாடியின் பூச்சு கெடும். இதெல்லாம் போகட்டும், கட்டடக்காரர் பாடு.

அந்தப் பையன் எதில் தொங்கிக்கொண்டிருந்தான் என்று கேட்டேன். நைலான் கயிறு. நைலானுக்கு அமிலம் ஆகாது. பட்ட இடத்தில் நூல் உள்ளுக்குள் வலுவிழக்கும், வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இடுப்பில் ஆசிட் பக்கெட், தலைக்கு மேலே நைலான் கயிறு, கீழே சிமெண்ட் தரை. அந்தக் கயிற்றில் மறுபடி எத்தனை நாள் இறங்கினீர்கள் என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரியே அந்தக் கயிற்றைத் துண்டுதுண்டாக வெட்டிப் போடச் சொன்னேன். வெட்டியதற்கு போட்டோ அனுப்பிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கண்ணில் பட்டவுடன் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றித் துண்டால் துடைத்திருக்கிறார்கள். துடைக்கவே கூடாது. ஓடுகிற தண்ணீரில், கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு, கடிகாரம் பார்த்துக் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். அதன்பிறகு ஆஸ்பத்திரி. அந்த நேரத்துக்கு உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா என்று பார்க்க வேண்டாம்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. லேபிள் இல்லாத கேனில் 'கண்ணாடிக் கறை நீக்கி' என்று கொடுத்தால் தொடாதீர்கள். கண்ணாடியையே அரிக்கக்கூடிய அமிலம் ஒன்று உண்டு, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கறை எடுக்கும் சில மருந்துகளில் அதுவோ அதன் உறவுக்கார உப்போ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம், அதுதான் ஆபத்து. மெதுவாக உள்ளே இறங்கி உடம்பிலிருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இருதயம் நிற்கிற அளவுக்குப் போகும். கண்ணாடியிலிருக்கிற கால்சியத்தை எடுக்கப் போய் நம்ம வீட்டுப் பிள்ளை உடம்பிலிருக்கிற கால்சியமா போக வேண்டும்?

சரி, டீச்சர் திட்டிக்கொண்டே இருக்கிறாரே, வழி என்ன என்று கேட்பீர்கள்.

தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். முதலில் மண் வடிகட்டி. கார்ப்பரேஷன் தண்ணீராக இருந்தால் குளோரினை எடுக்க ஒரு கார்பன் வடிகட்டி, இல்லாவிட்டால் ஆர்.ஓ. சவ்வு கெடும். அப்புறம் ஆர்.ஓ. நூறில் 95 பங்கு உப்பை அது நீக்கினாலே 1,200 என்பது 60 ஆகிவிடும். கடைசியில் அந்தக் கலப்பு ரெசின், 60-ஐப் பத்துக்குக் கீழே கொண்டுவர. நேராக ரெசினில் விட்டால் என்ன என்று கேட்டான். விடலாம், ஆனால் 60 வருகிற தண்ணீருக்கு உழைக்கிறதில் இருபதில் ஒரு பங்குகூட 1,200-க்கு உழைக்காது. ரெசின் வாங்கியே தொழில் முழுகிவிடும். அவன் வாங்கிய சாஃப்ட்னரைத் தூக்கிப்போடவும் வேண்டாம். ஆர்.ஓ.வுக்கு முன்னால் மாட்டினால் சவ்வில் சுண்ணாம்பு படியாமல் காக்கும். இதைச் சொன்னதும் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. வீட்டு ஆர்.ஓ. போதுமா என்றால், அது மணிக்கு 12, 15 லிட்டர்தான் தரும். ராத்திரி முழுக்க ஓடினாலும் 300 லிட்டர் தேறாது. பல மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே கலந்துவிடுகிற திருகு ஒன்று வேறு இருக்கும். கொஞ்சம் பெரிய யூனிட்டாகப் போட்டு, டாங்கில் பிடித்து வேனில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் அண்ணன் மகன் சொல்வான், அங்கே வீட்டு ஜன்னல் கழுவுகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் வேனில் சுத்தத் தண்ணீர் கொண்டுவருவார்களாம். நீளமான கம்பு, நுனியில் பிரஷ், கம்பு வழியாகத் தண்ணீர். தரையில் நின்றுகொண்டே மூன்று நான்கு மாடி வரைக்கும் தேய்த்து அலசிவிட்டுப் போய்விடுவார்கள், துடைப்பதே கிடையாது. தண்ணீரில் உப்பு இல்லாததால் தானாகக் காய்ந்து பளிச்சென்று நிற்கும். நம்ம பையன் தொங்கியது மூன்றாவது மாடி. அந்த வேலைக்கு அவன் கயிற்றில் ஏறியிருக்கவே வேண்டியதில்லை.

புதன்கிழமை இதைப் பற்றி இரண்டு வரி போட்டபோது, வேளாண்மை படித்த ஒரு மாணவி சரியாகவே சண்டைக்கு வந்தாள். "டீச்சர், ஆர்.ஓ. போட்டா ஒரு பங்கு தண்ணிக்கு ரெண்டு மூணு பங்கு கீழ போகுதே, நிலத்தடித் தண்ணி என்னாகறது?" நியாயமான கேள்வி. அந்தக் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், பார்க்கிங் தரை கழுவ, கக்கூஸ் டாங்கிக்கு என்று விடுங்கள். அதைவிட நல்ல வழி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. மழைத் தண்ணீரில் உப்பு மிகமிகக் குறைவு. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 900 லிட்டர், அவனுக்கு மூன்று நாள் வேலைக்குக் காணும். முதல் மழை அழுக்கைக் கழுவிவிட்டுப் பிடித்து வடிகட்டினால் ஆர்.ஓ.வே வேண்டாம், ரெசின் ஒன்றே போதும். 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டது. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் மழைநீர்க் குழியில் இப்போது என்ன இருக்கிறது என்று நம்ம ஆளைப் பார்த்துவரச் சொன்னேன். உடைந்த நாற்காலியாம்.

இப்போது என் சொந்தக்காரர்களுக்கு. உங்களில் மூன்று பேர் அப்பார்ட்மெண்ட் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் கம்பெனியில் கட்டடப் பராமரிப்பு பார்க்கிறீர்கள். கண்ணாடி கழுவ ஆள் கூப்பிட்டால் "என்ன கெமிக்கல் போடுவீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டு "என்ன தண்ணீர் கொண்டுவருவீங்க?" என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். சுத்தத் தண்ணீர் கொண்டுவருகிறவன் கொஞ்சம் அதிகம் கேட்பான், கொடுங்கள். கொடுக்க மனசில்லை என்றால், உங்கள் குழாய்த் தண்ணீரால் வந்த கறைக்கு அவன் கூலியில் கை வைக்காதீர்கள். ஆசிட் போட்டுத்தான் தர வேண்டும் என்று சொல்வதாக இருந்தால் அந்தக் கயிற்றில் உங்கள் மகனை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள், அடுத்த கல்யாணத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலில் இருக்கிற, இறங்கப் போகிற நம்ம பள்ளிப் பிள்ளைகள் மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பழைய கண்ணாடி மாடியிலேயேதான் இருக்கிறது. வெயில் நேரமாக வாருங்கள், பத்து மணிக்கு மேல்.

மேனேஜருக்கு ஒரு கடிதம் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், தண்ணீர்க் கணக்கோடு. பில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.